ராமநாதபுரம் கடலோரத்தில் பழைய காருக்குப் பாலியூரித்தேன் புஷ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்டீம், முதல் தலைமுறை ஸ்விஃப்ட், பழைய ஹோண்டா சிட்டி மாதிரியான கார்களை அன்றாடம் ஓட்டிக்கொண்டு, வருடத்தில் சில முறை கோவை கரி பந்தயத் தடத்துக்கோ சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைக்கோ கொண்டுபோகிறவர்களுக்காக இந்தப் பக்கம். பாலியூரித்தேன் (சுருக்கமாக, பியூ) புஷ், அதாவது சஸ்பென்ஷன் மூட்டுகளில் இரும்புக்கு நடுவே ரப்பருக்குப் பதில் போடும் உருளை, பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு குளிர்காலத்தோடு முடிந்துவிடும். மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டிப் பக்கம் பன்னிரண்டு மாதமும் காற்றிலேயே உப்பு. அதனால் தேர்வின் வரிசையும் இங்கே மாறுகிறது: முதலில் இரும்புப் பாகங்களின் துரு, பிறகு பியூவின் வகை, அதற்கப்புறம்தான் கடினம்.

என் காருக்குப் பியூ புஷ் தேவையா?

பதினைந்து, இருபது வருடக் காரில் ரப்பர் புஷ் செத்துப்போயிருக்கும். அதைக் கழற்றிவிட்டுப் பியூ போட்டவர்கள் "ராத்திரிக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம்" என்பார்கள். அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு புதுப் பொருள் போட்டதால் வந்தது. பியூவால் வந்தது மிச்சம்தான். தடத்துக்கே போகாத காருக்குக் கம்பெனி ரப்பர் போதும், விலையும் குறைவு, சத்தமும் இல்லை.

பலமாகப் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் அலைகிறது, திருப்பத்தின் நடுவில் முன்சக்கரக் கோணம் மாறுகிறது, டயரின் வெளி ஓரம் தேய்கிறது என்றால் பியூவுக்கு வேலை இருக்கிறது. நல்ல பிடிப்புள்ள டயர் போட்டிருந்தால் இன்னும் அதிகம். வெறும் தோற்றத்துக்கு இதைச் செய்ய வேண்டாம், காருக்கு அடியில் யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை.

எந்தப் புஷ் போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பாம்பன் சாலைப் பாலம் நல்ல சோதனைக்களம். அதன் சுமார் 2.3 கி.மீ. நீளத்தில் இணைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கண்ணாடியை ஏற்றி, பாட்டை நிறுத்தி, மணிக்கு 30–40 கி.மீ. வேகத்தில் சீராகப் போங்கள். நடுவில் நிறுத்திப் பார்க்க வேண்டாம்.

இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து ஏறும்போது "டக்" என்றால் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் காரின் உடலோடு சேர்க்கும் கீழ்க்கை) புஷ் அல்லது ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது "லொடலொட" என்றால் ஸ்டெபிலைசர் லிங்க் (திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்பு). பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால், பிரேக் சரியாக இருக்கும்பட்சத்தில், லோயர் ஆர்மின் பின்புறப் புஷ். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்பக்கம் லேசாகத் திசை மாறுகிறதா? பின் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்கள்.

பிறகு காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் நெம்பியை விட்டு லேசாக நெம்புங்கள். ரப்பர் சற்று நெளிந்து திரும்பி வந்தால் நல்லது. நடு ஸ்லீவ் (போல்ட் நுழையும் குழாய்) ரப்பரிலிருந்து விட்டு நகர்ந்தால் மாற்ற வேண்டும். மேலோட்டமான நுண்வெடிப்பு மட்டும் இருந்தால் அவசரமில்லை.

ரப்பருக்கும் பியூவுக்கும் வேலை செய்யும் விதத்தில் என்ன வேறுபாடு?

ரப்பர் புஷ்ஷில் உள் ஸ்லீவும் வெளிக்கூடும் ரப்பரோடு ஒட்டியிருக்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது எதுவும் உரசுவதில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். அதனால் கிரீஸ் வேண்டாம். முறுக்கிய ரப்பர் ஒரு சின்ன ஸ்பிரிங் போல ஆர்மைத் திரும்பத் தள்ளவும் செய்யும்.

பியூ புஷ் பெரும்பாலும் எதோடும் ஒட்டியிருக்காது. ஸ்லீவ் போல்ட்டால் இறுகி நிற்க, பியூ அதைச் சுற்றி வழுக்கிச் சுழலும். ரப்பர் கொடுத்துவந்த அந்த முறுக்கு எதிர்ப்பு போய்விடுவதால், நீண்ட அலைகளில் கார் முன்பைவிட மென்மையாகவும் கூரிய பள்ளங்களில் கடினமாகவும் தோன்றலாம். குழப்பம் வேண்டாம், அது இயல்பு. ஆனால் இந்த வழுக்கல் நடக்க ஸ்லீவ் சுத்தமாக இருக்க வேண்டும். உப்பும் மணலும் புகுந்தால் முதலில் கெடுவது அதுதான்.

எந்தக் கடினம் வாங்குவது?

கடினத்தை ஷோர் ஏ அளவில் சொல்வார்கள், எண் கூடினால் கடினமும் கூடும். கம்பெனி ரப்பர் ஏறத்தாழ 50 முதல் 65. பியூ புஷ்கள் பொதுவாக 70 முதல் 95. சாலையும் தடமும் கலந்த காருக்கு 75–85 போதும். 95 என்பது பந்தயத்துக்கு மட்டும் ஓடும் காருக்கு.

ராமநாதபுரத்திலிருந்து மதுரை வழியாகக் கோவை 300 கி.மீ.க்கு மேல். தடத்தில் ஓட்டியபிறகு அதே காரில்தான் திரும்ப வேண்டும். 95 போட்டவர்களுக்கு அந்தத் திரும்பும் வழியில்தான் கணக்குப் புரியும்.

நிறத்தை வைத்துக் கடினத்தை முடிவு செய்யாதீர்கள். பவர்ஃப்ளெக்ஸில் ஊதா சாலைக்கு, கறுப்பு பந்தயத்துக்கு. அந்தக் கணக்கு இன்னொரு கம்பெனிக்குப் பொருந்தாது. கையடக்க ஷோர் மீட்டர் ஒன்று இருந்தால் வந்த பொருளைச் சோதித்துவிடலாம். சொன்ன எண்ணிலிருந்து 5 புள்ளி கூடக்குறைய இருப்பது சகஜம், 15 புள்ளி தள்ளியிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

"ஈதர் வகையா, எஸ்டர் வகையா" என்று கடையில் ஏன் கேட்க வேண்டும்?

கடைக்காரரிடம் கடலோரத்துக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். கடைக்காரர்களில் பலருக்குப் பதில் தெரியாது. இருந்தாலும் கேளுங்கள், கம்பெனியின் தரவுத்தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

பாலியூரித்தேனில் இரண்டு பெரிய குடும்பங்கள். பாலியெஸ்டர் வகை உராய்வையும் கிழிசலையும் எண்ணெயையும் நன்றாகத் தாங்கும். ஆனால் சூட்டோடு ஈரம் சேர்ந்தால் தண்ணீர் அதன் மூலக்கூற்றுச் சங்கிலியை வெட்டிவிடும். மேற்பரப்பு பழைய வெல்லம் போலப் பிசுபிசுக்கும், பிறகு வெடித்து உதிரும். பாலியீதர் வகை கிழிசலில் சற்றுப் பின்தங்கினாலும், ஈரச்சூட்டில் நிலைத்து நிற்கும். நம் ஊர் வெயிலும் கடற்காற்றின் ஈரப்பதமும் சேர்ந்தால் எஸ்டர் வகைக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. பாலியீதர் என்று எழுத்தில் தருபவரிடம் வாங்குங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

இன்னொரு பிரிவும் உண்டு. அச்சில் ஊற்றி வார்த்தது ஒன்று, உருக்கி ஊசியடித்து வார்த்த டிபியூ (சூட்டில் இளகும் பியூ) மற்றொன்று. மலிவான புஷ்கள் பல டிபியூ. அது சூடானால் இளகும். ஊற்றி வார்த்ததும் தொடர்ந்து 80 டிகிரி செல்சியஸ் அளவுக்குத்தான் தாங்கும் என்பதால் சைலன்சர் குழாய்க்கு ஒட்டியிருக்கும் புஷ்ஷுக்குத் தகடு மறைப்பு தேவை.

ஸ்லீவும் போல்ட்டும் எப்படி இருக்க வேண்டும்?

கிட்டில் வரும் ஸ்லீவ் மெல்லிய துத்தநாகப் பூச்சு கொண்ட இரும்பு என்றால், பியூ உரசும் இடத்தில் பூச்சு தேய்ந்து துரு கிளம்பும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். ஸ்லீவ் ஊதி, பியூவைக் கவ்விக்கொள்ளும். சுழல வேண்டியது சுழலாமல் முறுக்கிக் கிழியும். ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் கேளுங்கள். 304 தரம் போதும், 316 கிடைத்தால் இன்னும் நல்லது.

ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவுக்குள் சாதாரண இரும்புப் போல்ட் போய், நடுவில் உப்புத்தண்ணீர் தேங்கினால், போல்ட்தான் அரிக்கும். போல்ட்டின் வழுவழுப்பான தண்டில் மட்டும் தண்ணீர் புகாத கிரீஸ் அல்லது ஆன்டி-சீஸ் (துருவில் சிக்காமலிருக்கத் தடவும் பசை) மெல்லிசாகத் தடவுங்கள். மரையில் தடவினால் அதே டார்க்கில் (இறுக்கும் முறுக்கு விசையில்) போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டுவிடும். போல்ட்டை ஸ்டெயின்லெஸாக மாற்ற நினைக்காதீர்கள். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு சஸ்பென்ஷன் போல்ட்டின் வலிமை கிடையாது. தலையில் 10.9 என்று (வலிமைத் தரம்) பொறித்த போல்ட் இருந்த இடத்தில் 10.9தான் திரும்பப் போக வேண்டும்.

எந்த இடத்தில் போடலாம், எங்கே போடக்கூடாது?

ஸ்டெபிலைசர் பாரின் டி புஷ்ஷில் (D எழுத்து வடிவப் புஷ்) தொடங்குங்கள். இரண்டே துண்டு, அரை மணி நேர வேலை, பலன் உடனே தெரியும், சவாரி ஏறக்குறைய கெடாது. அடுத்து லோயர் ஆர்மின் பின்புறப் புஷ். பிரேக் அழுத்தம் பெரும்பாலும் இதில்தான் விழும், சக்கரம் பின்னால் நகராமல் பிடிப்பது இதுதான். பிறகு ஆர்மின் முன்புறப் புஷ்.

பின்பக்கத்தில் கவனம் தேவை. ஒரே அச்சில் கதவுக்கீல் மாதிரி அசையும் ஆர்மாக இருந்தால் பியூ சரி. ஆர்ம் ஏறி இறங்குவதோடு பக்கவாட்டிலும் சாய்ந்து திருகுகிறது என்றால் ரப்பரையே வையுங்கள். பழைய ஹோண்டாக்களில் சில மாடல்களின் பின் டிரெயிலிங் ஆர்ம் புஷ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த இடத்தில் ரப்பர் நெகிழ்ந்து கொடுப்பது குறையல்ல, வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே வைத்தது. அங்கே கடினப் பியூவைத் திணித்தால் சஸ்பென்ஷன் இறுகிப்போய், சுமை முழுதும் பிராக்கெட்டுக்குப் போகும்.

மாருதி 800இல் ஸ்டெபிலைசர் பாரே லோயர் ஆர்மை முன்னும் பின்னும் பிடித்துக்கொள்ளும் கம்பியாகவும் வேலை செய்கிறது. ஆர்மோடு பார் சேரும் முனைப் புஷ் எல்லாப் பக்கமும் சாய வேண்டியது. அதற்கு மிகக் கடினமானதைப் போட்டால் பாரின் மரை முனையில் வளைவு அழுத்தம் குவியும். 70ஐத் தாண்ட வேண்டாம்.

ஷாக் மேல் மவுண்டுக்குக் கம்பெனி ரப்பர். விவாதமே வேண்டாம்.

பழைய ஆர்மிலேயே போடலாமா?

முதலில் ஆர்மை முழுதாகக் கழற்றி, ஸ்க்ரூடிரைவர் முனையால் பற்றவைத்த விளிம்பு நெடுகக் குத்திப் பாருங்கள். இரண்டு தகட்டைச் சேர்த்து அழுத்திச் செய்த ஆர்மில் உப்புத்தண்ணீர் உள்ளே தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். பால் ஜாயின்ட் (சக்கரப் பக்கத்து உருண்டை மூட்டு) அருகிலுள்ள வடிகால் ஓட்டையில் டார்ச் அடித்துப் பாருங்கள், செதில் செதிலாகத் துரு உதிர்ந்தால் அந்த ஆர்ம் பழைய இரும்புக் கடைக்கு. புது ஆர்மைப் பெரும்பாலும் ரப்பர் புஷ்ஷோடு சேர்த்தே விற்பார்கள். அப்படி வாங்கி அப்படியே ஓட்டுவது, அரித்த ஆர்மில் விலையுயர்ந்த பியூ போடுவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

காரின் உடலில் ஆர்ம் பொருந்தும் பிராக்கெட்டையும், கிராஸ் மெம்பரையும் (அடியிலுள்ள குறுக்குச் சட்டம்) கம்பிப் பிரஷால் தேய்த்து வெடிப்பு பாருங்கள். ரப்பர் விழுங்கிய அதிர்ச்சியைப் பியூ விழுங்காது. அதெல்லாம் இனி அங்கேதான் போகும்.

லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாமா?

மதுரை, கோவை இண்டஸ்ட்ரியல் கடைகளில் பியூ உருளைக் கம்பி கிடைக்கிறது. பெரும்பாலும் பிரஸ் டூல் வேலைக்கு வரும் மஞ்சள் கம்பி. அது எந்தக் குடும்பம், எந்தக் கடினம் என்று எழுத்தில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். டி புஷ், லிங்க் புஷ் போன்ற எளிய வடிவங்களைக் கடையலாம். 80க்குக் கீழ் மென்மையான கம்பி கத்திக்கு முன்னால் நெளியும், அளவு நிற்காது. குளிரவைத்து, மிகக் கூரான கத்தியால் மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி மழுங்கினால் உரசி உருகும். "நைலானில் போட்டுத் தருகிறேன், கல்லு மாதிரி இருக்கும்" என்று பட்டறையில் சொன்னால் நன்றி சொல்லி வந்துவிடுங்கள்.

என்னென்ன அளவு எடுக்க வேண்டும்?

வெர்னியரால் நான்கு அளவு: ஆர்ம் துளையின் உள்விட்டம், துளையின் நீளம், போல்ட்டின் விட்டம், பிராக்கெட்டின் இரு காதுகளுக்கு இடைவெளி. துளையை இரண்டு திசையில் அளந்து பாருங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் துளை முட்டைவடிவமாகிவிட்டது.

கிட் வந்ததும் ஸ்லீவின் நீளத்தைப் பியூவின் மொத்த அகலத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்லீவ் 0.2 முதல் 0.5 மி.மீ. நீளமாக இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் போல்ட் இறுகும்போது பியூவின் விளிம்பு நசுங்கி, ஆர்ம் இறுகிப் போகும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளமாக இருந்தால் ஆர்ம் முன்னும் பின்னும் ஆடி "டக்" சத்தம் வரும்.

ஸ்டெபிலைசர் பாரை, டி புஷ் உட்காரும் இடத்தில், துருவையும் பெயின்டையும் சுரண்டிவிட்டு அளக்கவும். பார் 22 மி.மீ. என்றால் 22 புஷ், இல்லாவிட்டால் 21.5. பெரியது கூடாது.

பழைய புஷ்ஷை எப்படிக் கழற்றுவது?

நம் பக்கம் முக்கால்வாசி நேரம் இதிலேயே போகும். போல்ட் ஸ்லீவோடு துருப்பிடித்து ஒன்றாகியிருக்கும். நட்டு கழன்ற பிறகும் போல்ட்டைத் திருப்பினால் ரப்பர் முறுக்குமே தவிர போல்ட் வராது. முந்தின நாளே துரு இளக்கி எண்ணெய் அடித்து, மறுநாளும் ஒருமுறை அடியுங்கள். அப்படியும் வராவிட்டால் புஷ்ஷின் இரு பக்கமும் ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே 1 மி.மீ. கட்டிங் டிஸ்க்கை விட்டுப் போல்ட்டை வெட்டுங்கள். புதுப் போல்ட்டும் நட்டும் வாங்கி வைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வெட்டிவிட்டுத் தேடக்கூடாது.

ரப்பரை எரித்து எடுக்காதீர்கள். நச்சுப்புகை ஒருபுறம், ஆர்மின் உள்பூச்சு எரிந்துபோவது மறுபுறம். டிரில்லால் ரப்பரில் வரிசையாகத் துளையிட்டால் நடு ஸ்லீவ் தானாக வரும். வெளிக்கூட்டை எடுக்க வேண்டுமா, விட வேண்டுமா என்பது கிட்டைப் பொறுத்தது. சில கிட்கள் பழைய கூட்டுக்குள்ளேயே உட்காரும். எடுக்க வேண்டுமானால் ஹேக்ஸா பிளேடைத் துளைக்குள் விட்டு, கூட்டில் ஒரே ஒரு வெட்டு. கூடு அறுந்ததும் நிறுத்திவிட வேண்டும், ஆர்மில் கீறல் விழுந்தால் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். பிறகு உளியால் உள்பக்கம் மடக்கினால் வந்துவிடும். பிரஸ் இருந்தால் 10 டன் போதும், ஆனால் ஆர்மின் மெல்லிய தகட்டுக்குள் தாங்குக் குழாய் வைக்காமல் அழுத்தினால் ஆர்ம் வளையும்.

பொருத்தும் முறை?

துளையை 120, பிறகு 240 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, விளிம்பின் பிசிறை எடுங்கள். ஜிங்க் பிரைமர் மெல்லிசாக ஒரு கோட். தடிப்பாக அடித்தால் புஷ் உள்ளே போகாது. காயவிட்டு, பியூவின் வெளிப்பக்கத்தில் கிட்டோடு வந்த கிரீஸைப் பூசி, வைஸில் வைத்து அழுத்துங்கள். இரண்டு பாதியாக வருவது கையாலேயே போய்விடும். ஸ்லீவுக்கும் பியூவின் உள்பக்கத்துக்கும், பிராக்கெட்டைத் தொடும் முகங்களுக்கும் தாராளமாகக் கிரீஸ். ஒரு புஷ்ஷுக்கு ஏறக்குறைய ஒரு டீஸ்பூன்.

ஆர்மை மாட்டி, ஷாக்கைச் சேர்ப்பதற்கு முன் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். கனமாக ஆனால் சீராக அசைய வேண்டும். ஓரிடத்தில் இறுகினால் அளவு தப்பு, ஓட்டினால் சரியாகும் என்று விடாதீர்கள். போல்ட்டை உங்கள் காரின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் டார்க்குக்கு இறுக்குங்கள். எங்காவது ரப்பர் புஷ் மிச்சம் வைத்திருந்தால் அதன் போல்ட்டைக் கார் தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

எந்தக் கிரீஸ்?

ஒட்டும் தன்மையுள்ள கெட்டியான சிலிகோன் கிரீஸ், அல்லது பிடிஎஃப்இ (டெஃப்ளான்) கலந்த செயற்கைக் கிரீஸ். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரணக் கிரீஸ் சில பியூ கலவைகளை ஊதவைக்கும், மழையிலும் கழுவிப் போய்விடும். கிராஃபைட் கலந்தது உலர்ந்த ஊரில் நன்றாகவே வேலை செய்யும். உப்புத்தண்ணீரில் கிராஃபைட் இரும்பின் அரிப்பைத் தூண்டும், அதனால் கடலோரத்தில் வேண்டாம். சிலிகோன் பட்ட கையால் பிரேக் டிஸ்கைத் தொடாதீர்கள். பெயின்ட் அடிக்கப் போகும் பாகத்திலும் படக்கூடாது, பெயின்ட் குழிகுழியாக ஒதுங்கும்.

கீச் கீச் என்கிறது. என்ன செய்வது?

உலர்ந்த பியூ ஸ்லீவில் ஒட்டி ஒட்டி விடுபடும் சத்தம் அது. வெளியிலிருந்து ஸ்பிரே அடித்தால் ஒரு வாரம் அடங்கும், பிறகு திரும்ப வரும். போல்ட்டை எடுத்து, ஸ்லீவை உருவித் துடைத்து, புதுக் கிரீஸ் வைப்பதுதான் தீர்வு. தனுஷ்கோடிப் பக்கம் அடிக்கடி போகும் காரில் பழைய கிரீஸ் மணலோடு கலந்து உப்புத்தாளாகவே மாறியிருக்கும். அதைத் துடைக்காமல் மேலே புதிது வைப்பதில் பயனில்லை. கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் முனை) உள்ள ஆர்மாக இருந்தால், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி நிறம் தெளியும்வரை அடியுங்கள்.

அடிப்பாகத்தை அடிக்கடி கழுவினால் போதுமா?

எந்தத் தண்ணீர் என்பதைப் பொறுத்தது. நம் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீரே உவர். அதில் கழுவிக் காயவிட்டால் உப்பை நாமே பூசியதாகிறது. வாலிநோக்கம், மாரியூர் உப்பளப் பக்கமோ தனுஷ்கோடியோ போய்வந்தால் நல்ல தண்ணியில் இரண்டு வாளி, ஆர்ம், பிராக்கெட், போல்ட் முனைகளுக்கு மட்டும் ஊற்றினால் போதும். மழைத்தண்ணீர் சேமித்திருந்தால் அதைவிட நல்லது இல்லை. பிரஷர் வாஷரின் முனையைப் புஷ்ஷின் விளிம்புக்கு நேரே பிடிக்க வேண்டாம், கிரீஸை வெளியேற்றித் தண்ணீரை உள்ளே அனுப்பிவிடும்.

என்ஜின் மவுண்ட்டின் ஓட்டையில் பியூ ஊற்றலாமா?

கண்ணாடி ஒட்டும் பியூ பசையை நிரப்புபவர்கள் உண்டு. அது காற்றின் ஈரத்தால் வெளியிலிருந்து உள்ளே மெல்ல இறுகுவது. தடித்த இடத்தில் உள்ளே பச்சையாகவே பல நாள் இருக்கும். இரண்டு பாகம் கலக்கும் பியூ இதைவிட மேல். எதுவானாலும் ஐடிலில் ஸ்டீயரிங்கும் டாஷ்போர்டும் அதிரும். ஏசி போட்டு வெயிலில் சிக்னலில் நிற்கும்போது அது தெரியும்.

போட்டியில் கலந்துகொண்டால் சிக்கல் வருமா?

பொதுவான டிராக் டேயில் யாரும் கேட்கமாட்டார்கள். எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு) அனுமதியுடன் நடக்கும் போட்டி என்றால் உங்கள் பிரிவின் விதிப்புத்தகத்தைப் பணம் செலவழிக்கும் முன் படியுங்கள். பெரிய மாற்றம் இல்லாத காருக்கான பிரிவுகளில் புஷ்ஷின் பொருளை மாற்றுவதே தடையாக இருக்கலாம்.

எப்போது பார்க்க வேண்டும்?

ஆண்டுக்கு இரண்டு முறை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒன்று, மழை ஓய்ந்ததும் ஜனவரியில் ஒன்று. தடத்தில் ஓட்டிய ஒவ்வொரு முறையும், திரும்பக் கிளம்பும் முன், இறுக்கியதும் போல்ட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே போட்ட பெயின்ட் கோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பியூவை விரல் நகத்தால் அழுத்திவிட்டு எடுத்தால் நகக்குறி மறைய வேண்டும். பிசுபிசுத்தாலோ, நகம் பட்ட இடம் உதிர்ந்தாலோ அந்தச் செட் முடிந்தது. மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிறம் மாறுவது மட்டும் என்றால் கவலைப்பட வேண்டாம். ஸ்பேராக ஒரு செட் வாங்கி வைப்பவர்கள் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத பையில் கட்டி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். டிக்கியில் போட்டால் பொருத்தாமலேயே பழசாகிவிடும்.